கட்டிலில் மூன்றாவது ரத்தம்

மூட்டைப்பூச்சி வளர்ந்து ஆளாவதற்குள் ஐந்து முறை தோல் உரிக்கும். ஒவ்வொரு முறை உரிப்பதற்கு முன்பும் அதற்கு ஒரு வயிறு ரத்தம் வேண்டும். குடித்தது யாருடைய ரத்தம் என்ற தடம் புதுத்தோலில் ஒரு வளையமாக நின்றுவிடுகிறது என்று ஒரு பேராசிரியை கண்டுபிடித்தார், மரத்துக்குள் மழை வருடங்கள் நிற்பதுபோல. பூச்சிகளின் மேல் இருந்த பிரியத்தால்தான் அவர் அதைத் தேடிப் போயிருப்பார் என்று நினைத்துக்கொள்வேன். ஆனால் விஷயம் வீட்டுச் சொந்தக்காரர்கள் சங்கத்தின் காதில் விழுந்து, அங்கிருந்து சட்டசபைக்குப் போய், கடைசியில் ஒரு கருவியாக என் கைக்கு வந்து சேர்ந்தது.

கருவிக்குப் பூச்சி வாரியம் வைத்த பெயரை ஒரு மூச்சில் சொல்ல முடியாது. ஊரில் எல்லோரும் அதைப் பல்லி என்றார்கள். உள்ளங்கை நீளம், முன்னால் ஒரு வாய். பூச்சியை வாயருகே கொண்டுபோனால் விழுங்கிவிட்டு இரண்டு நிமிடம் யோசிக்கும். பிறகு சப்புக்கொட்டுவதுபோல் ஒரு சத்தம் போட்டு, திரையில் பலன் சொல்லும்.

சட்டம் எளிமையானது. வாடகை வீட்டில் பூச்சி பிடிபட்டால் அதன் முதல் வளையத்தைப் பார்க்க வேண்டும். முதல் ரத்தம் யாருடையதோ, பூச்சியைக் கொண்டு வந்தவர் அவர். அது வாடகைக்கு இருப்பவர் என்றால் அவர் பெயர் ஐந்து வருடம் பூச்சிப் பட்டியலில் இருக்கும். பட்டியலில் உள்ளவருக்கு இந்த நகரத்தில் மாட்டுக்கொட்டகைகூடக் கிடைக்காது. சொந்தக்காரர் என்றால் கட்டடம் இரண்டு வருடம் பூட்டிக் கிடக்கும். அது வாடகைதாரர் சங்கம் போராடி வாங்கிய பிரிவு. யார் ஜெயித்தாலும் யாரோ ஒருவர் சாமான்களோடு தெருவில் நிற்பார். ஒன்பது வருடமாக அந்தச் சாமான்களைத் தாண்டித் தாண்டித்தான் நான் நடந்துகொண்டிருந்தேன்.

கொளத்தூர் வீட்டுக்குப் போனது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு. புகார் கொடுத்தவர் ஹேமலதா, சொந்தக்காரரின் மருமகள். கேட்டிலேயே பிடித்துக்கொண்டார்.

"மேடம், கீழ் வீடு சுத்தமோ சுத்தம். மாடியில இருக்கிறவங்கதான். ரெண்டே பேருன்னு சொல்லி வந்தாங்க. ஊர்லேருந்து சாக்கு சாக்கா என்னத்தையோ ஏத்திட்டு வந்தாங்க. எங்க மாமா கையைப் பாருங்க, வரிசையா மூணு தடிப்பு. கொசுன்னு சொல்றாரு. கொசு கோடு போட்டா கடிக்கும்?"

மாமனார் தெய்வநாயகம் பின்னால் நின்றிருந்தார். எழுபத்தோரு வயது. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்னும் யாரோ விசில் ஊதப்போகிறார்கள் என்பதுபோல் விறைப்பாக நின்றார். நான் பார்த்ததும் முழுக்கைச் சட்டையின் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

"கொசுதாம்மா. ஏரி பக்கத்துல இருக்கில்ல," என்றார்.

மாடி வீட்டில் இருந்தது இளம் தம்பதி, சங்கரன்கோவில் பக்கத்துக்காரர்கள். கணவன் இசக்கி, ரயில் பணிமனையில் வேலை. மனைவி பேச்சியம்மாள், சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே ஒரு பத்திர எழுத்தரிடம் தட்டச்சு செய்பவள். கதவைத் திறந்தவள் அவள்தான்.

"வாங்கக்கா. நாற்காலியில உக்காருங்க, மெத்தையில வேண்டாம். எங்களுக்கு ஒண்ணும் இல்ல, உங்க வீட்டுக்கும் கூட வந்துரும்."

இசக்கி சிரிக்கவில்லை. அவன் முகத்தில் மூன்று நாளாகத் தூக்கமில்லை.

"மேடம், மூணு வருசத்துல இது நாலாவது வீடு," என்றான். "மொத வீட்டுல கருவாடு வறுத்தோம்னு அனுப்பிட்டாங்க. ரெண்டாவதுல ஓனர் மகளுக்குக் கல்யாணம், வீடு வேணும்னாங்க. மூணாவது ஆளு ஒரு ஜோசியரக் கூட்டிட்டு வந்து, மாடியில தெக்கத்தி ஆளுங்க இருந்தா வாஸ்து இடிக்குதுன்னுட்டாரு. இதுல பட்டியல்லயும் பேரு ஏறிட்டா நாங்க எங்க போவோம்?"

"பல்லி சொல்லட்டும்," என்றேன். நான் எல்லோரிடமும் சொல்வது அதைத்தான்.

கட்டில் உட்புற அறையில் இருந்தது. சட்டம் மாட்டும் மூலைகளில் ஒரு பழைய அட்டையை விட்டுத் துழாவினேன். மூன்று சிக்கின. நடுத்தர வயது, நல்ல சாப்பாடு. பிறகு இசக்கியின் விரலிலும் பேச்சியின் விரலிலும் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பல்லிக்கு அறிமுகப்படுத்தினேன். பூச்சிகளை ஒவ்வொன்றாகக் கொடுத்தேன். விழுங்கியது, யோசித்தது, சப்புக்கொட்டியது.

திரையில் மூன்று ரத்தம் இருந்தது.

இரண்டு இவர்களுடையது. பேச்சியின் ரத்தத்துக்குப் பக்கத்தில் பல்லி ஒரு சின்னப் பிறைக்குறி போட்டிருந்தது. வயிற்றில் பிள்ளை இருந்தால் அது போடும் குறி. நிமிர்ந்து பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஹேமலதா வாசலில் நின்று எட்டிப் பார்ப்பதைக் கண்ணால் காட்டி, இல்லை என்று மெல்லத் தலையாட்டினாள். மேசைமேல் கிடந்த வாடகை ஒப்பந்தத்தின் மூன்றாவது வரி எனக்குத் தலைகீழாகவே தெரிந்தது: இருவர் மட்டும் வசிக்க.

நான் திரையைத் துப்பட்டாவால் மறைத்துக்கொண்டேன்.

"மூணாவது ஒரு ஆள் இருக்கார். மூணு பூச்சியிலயும் முதல் வளையம் அவரோடதுதான்," என்றேன்.

இசக்கி மனைவியைத் திரும்பிப் பார்த்தான்.

"யாரு பிள்ள அது?"

"என்னைக் கேட்டா?"

"நம்ம கட்டில்லல்லா இருக்கு. பின்ன யாரக் கேக்க?"

"பல்லியக் கேளுங்க. அது வாயிலதான் பூச்சி இருக்கு."

பல்லியைக் கேட்டேன். ஆண். எழுபதைத் தாண்டியவர். ரத்தத்தில் கொஞ்சம் சர்க்கரை. அழுத்தத்துக்குக் காலையில் ஒரு மாத்திரை. தினமும் பாகற்காய்ச் சாறு.

கடைசி வரியைக் கேட்டதும் இசக்கியின் சந்தேகம் அப்படியே வடிந்துபோனது. பாகற்காய்ச் சாறு குடிக்கும் எழுபது வயதுக்காரரைப் பற்றி எந்தக் கணவனும் அதற்குமேல் யோசிக்க மாட்டான். ஆனால் வாசலில் ஹேமலதா யோசித்தார்.

"எங்க மாமாவுக்கும் நான் தினம் பாகற்காய் ஜூஸ்தான் போட்டுக் குடுக்கறேன். அந்தக் காலத்து ஆளுங்களுக்கு எல்லாருக்கும் சுகர்தான் இல்ல மேடம்?"

அவருக்குப் பின்னால் தெய்வநாயகம் விட்டத்தைப் பார்த்து நின்றார். நெற்றியில் வியர்வை. வலது கை, முழுக்கைச் சட்டைக்கு மேலாக இடது கையைச் சொறிந்துகொண்டிருந்தது. அது அவருக்குத் தெரியாமலே நடந்தது.

ஒன்பது வருடத்தில் முதல்முறையாக நான் ஒரு சாட்சியை வெளியே அனுப்பினேன்.

"ஹேமலதா, வீட்டு வரைபடத்தோட அசல் வேணும். தேடி எடுத்துட்டு வாங்க. பொறுமையாவே வாங்க."

அவர் படியிறங்கும் சத்தம் அடங்கியதும் ஊசியைக் கையில் எடுத்தேன்.

"சார், விரலை நீட்டறீங்களா, இல்ல சொல்லிடறீங்களா?"

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் முதுகு வளைந்தது. அப்போதுதான் அவர் எழுபத்தோரு வயதுக்காரராகத் தெரிந்தார்.

"என் ரூம்ல மருமக யோகா கிளாஸ் எடுக்குதும்மா. வெளிநாட்டுல இருக்கறவங்களுக்கு, போன்ல. மதியம் ஒண்ணுலேருந்து நாலு. நான் வாக்கிங் போறேன்னு சொல்லிட்டுக் கிளம்பிடுவேன்."

"மதியம் ஒரு மணிக்கு வாக்கிங்கா?" என்றான் இசக்கி.

"மே மாசத்துலகூடத்தான். யாரும் கேக்கல. முப்பத்தி நாலு வருஷம் பசங்களை வெயில்ல நிக்க வச்சவன், இவருக்குப் பழக்கம்தான்னு நினைச்சிருப்பாங்க." கைகளைப் பிசைந்துகொண்டார். "பார்க்குல ஒரு நாள் பெஞ்சுல சாய்ஞ்சுட்டேன். பழைய மாணவன் ஒருத்தன் பாத்துட்டு, மயக்கம்னு நினைச்சு ஆம்புலன்சைக் கூப்பிட்டுட்டான். அதுக்கு அப்புறம்தான். ஒரு சாவி எங்கிட்ட இருந்துச்சு. ரெண்டு பேரும் வேலைக்குப் போயிடறீங்க. கட்டில் சும்மாதானே கிடக்குதுன்னு... சொந்தமா வீடு கட்டி வாடகைக்கு விட்டிருக்கேன். மத்தியானம் கண்ணை மூட ஒரு இடம் இல்ல. வெளிய சொன்னா சிரிப்பாங்க."

யாரும் சிரிக்கவில்லை. பேச்சி மட்டும் லேசாக.

"எனக்குத் தெரியும் சார்," என்றாள்.

அவர் நிமிர்ந்தார்.

"போர்வைய நாலு முனையும் ஒட்ட மடிச்சு, மேல தலையணைய நடுச்சென்டர்ல வச்சிட்டுல்லா போறிய. எங்க வீட்டுல யாரு அப்படி மடிப்பா?"

"நீ மடிக்கேன்னுல்லா நான் நெனச்சேன்," என்றான் இசக்கி.

"கல்யாணம் ஆகி மூணு வருசத்துல நான் என்னைக்கு மடிச்சேன்?"

"பின்ன ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீங்க போய்க் கேப்பிய. கேட்டா சார் வர மாட்டாக." அவள் திரைச்சீலையைச் சரிசெய்தபடி சொன்னாள். "நம்ம கட்டில்ல தூங்குத மனுசன் நம்மளக் காலி பண்ணச் சொல்ல மாட்டாகன்னு ஒரு நெனப்பு. அதான் காலையில போகும்போது சன்னல் எல்லாம் சாத்திட்டு, ஒரு செம்புத் தண்ணியும் வச்சிட்டுப் போவேன்."

"அந்தத் தண்ணி எனக்கா வச்சது?" என்றார் தெய்வநாயகம். "நான் குடிச்சதுக்கு அப்புறம் அதே அளவுக்கு ரொப்பி வச்சிட்டுப் போனேனே."

இதெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் என் கையில் பல்லி காத்துக்கொண்டிருந்தது. முதல் ரத்தம் சொந்தக்காரருடையது. நான் பொத்தானை அழுத்தினால் கட்டடம் இரண்டு வருடம் பூட்டப்படும். கீழ்வீடும் சேர்த்து. இவர்கள் பட்டியலில் ஏற மாட்டார்கள், வீடும் இருக்காது. அவர் மகனும் மருமகளும் வாடகைக்கு வீடு தேடும்போது, பூச்சி கொண்டுவந்த கிழவரை எங்கே வைப்பார்கள் என்று அவருக்கே தெரிந்திருந்தது. என்னிடம் அவர் எதுவும் கெஞ்சவில்லை. சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார், அவ்வளவுதான்.

"பதினேழாவது விதி ஒண்ணு இருக்குல்லாக்கா?" என்றாள் பேச்சி.

இருந்தது. வீட்டில் வந்து தங்கும் உறவினர் கொண்டுவந்த பூச்சிக்கு யாரும் பொறுப்பல்ல. வீட்டைச் சூடேற்றிச் சுத்தம் செய்தால் போதும். விருந்தாளியைக் குற்றம் சொல்லும் ஒரு பிரிவை ஓட்டுக் கேட்டு வீடு வீடாகப் போகும் எவரும் நிறைவேற்ற மாட்டார்கள் என்பதால் அப்படி.

"உறவுமுறை எழுதணும்," என்றேன். "எழுதினதைப் பல்லி ரத்தத்தோட ஒத்துப் பாக்கும். அதனால, ரத்தத்துல தெரியாத உறவா இருந்தா நல்லது."

சட்டத்தை அமல்படுத்த வந்தவள் சொல்லக்கூடிய வாக்கியம் அல்ல அது. சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது.

"பெரியப்பான்னு போடுவமா?" என்றான் இசக்கி.

"அது ரத்தம்."

"மாமனார்?"

"உங்களுக்கு ரத்தம் இல்ல. அவங்களுக்கு ரத்தம்."

"சம்பந்தின்னு போட்டா?" என்றார் தெய்வநாயகம். இப்போது அவருக்கும் விளையாட்டில் ஆர்வம் வந்துவிட்டது.

"அதுக்குக் கட்டிக் குடுக்கப் பிள்ளை வேணுமே சார்," என்றான் இசக்கி. பேச்சி தரையைப் பார்த்தாள்.

கடைசியில் அவள்தான் சொன்னாள். "எங்க அத்தை மாப்பிள்ளை. அப்பாகூடப் பிறந்த அத்தையக் கட்டினவக."

"எந்த அத்தை?"

"ஆவுடையம்மா அத்தை. இப்ப இல்ல. கல்யாணமே வேண்டாம்னு இருந்து போய்ச் சேந்துட்டா. அந்தக் காலத்துக் கிராமத்துக் கல்யாணத்துக்கு எவன் சான்றிதழ் கேக்கான்? தாலி கட்டினாக, முடிஞ்சுது."

தெய்வநாயகம் மேசைமேல் கிடந்த சாவியை ஓரமாக நகர்த்தினார். அவர் மனைவி இறந்து ஆறு வருடம் ஆகியிருந்தது.

"அவங்க எப்படி இருப்பாங்க?" என்று கேட்டார்.

"நல்ல கறுப்பு. கோவக்காரி. சாப்பாட்டுல உப்பு இல்லன்னு யாராவது சொல்லிட்டா அன்னைக்குப் பூரா உப்பு டப்பாவத் தூக்கி ஒளிச்சு வச்சிருவா."

"பரவால்ல," என்றார் அவர். "எனக்கு உப்பு கம்மியாத்தான் போடணும்."

ஆவுடையம்மாளின் கணவர் தெய்வநாயகம் என்று எழுதினேன். பல்லி யோசித்தது, ரத்தங்களைப் புரட்டிப் பார்த்தது, மறுக்க ஒன்றும் கிடைக்காமல் சப்புக்கொட்டி ஒப்புக்கொண்டது. ஹேமலதா வரைபடத்தோடு மேலே வந்தபோது, ஊரிலிருந்து வந்து தங்கிய ஒரு மாமா கொண்டுவந்த பூச்சி, யார் மேலும் தவறில்லை என்று சொன்னேன். அவர் அந்த மாமாவின் சுத்தத்தைப் பற்றி நாலு வார்த்தை சொன்னார். தெய்வநாயகம் எல்லாவற்றையும் ஆமோதித்தார்.

மறு வெள்ளிக்கிழமை காலை சூடேற்றும் வண்டி வந்தது. கதவு சன்னல்களை நாடா போட்டு அடைத்து, ஆறு மணி நேரம் வீட்டை ஐம்பத்தாறு பாகையில் வைத்தோம். எல்லோரும் மொட்டைமாடியில் ஒரு துணிப்பந்தலுக்கு அடியில் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டார்கள். இறந்த பூச்சிகளைப் பெருக்கி உறையிலிட்டு, விதிப்படி வாரியத்தின் ஆய்வகத்துக்கு அனுப்பினேன். களத்துப் பல்லி மனித ரத்தம் மட்டும்தான் வாசிக்கும். ஆய்வகத்துப் பெரிய பல்லி எல்லாவற்றையும் வாசிக்கும். அதன் முடிவுகளை யாரும் படிப்பதில்லை, வருவதற்குள் வழக்கு முடிந்துவிடும் என்பதால்.

ஏழு வாரம் கழித்து, கடைசிச் சோதனைக்காக ஒரு மதியம் மறுபடி போனேன். கதவைத் திறந்த பேச்சியின் வயிறு அவளுக்கு முன்னால் வந்தது. இப்போது யாரிடமும் மறைக்க முடியாத அளவு. வேலையிலிருந்து விடுப்பு எடுத்திருந்தாள். உள்ளறையிலிருந்து குறட்டை கேட்டது.

"மாமா தூங்குதாக. மெதுவாப் பேசுங்கக்கா."

"கீழ தெரியுமா?"

"எல்லாம் தெரிஞ்சு போச்சு. என் வயித்தப் பாத்ததும் அவுக மருமக ஒப்பந்தத்த எடுத்துட்டு வந்தாக. இருவர் மட்டும்னு போட்டிருக்கு, மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணுங்கன்னு நோட்டீசு. நான் ஒரு பதில் போட்டேன்." சுவரில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினாள். அழகாகத் தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. சொந்தக்காரருக்கும் குடியிருப்பவருக்கும் உறவு என்று அரசுக் கோப்பில் பதிவாகியிருந்தால் அது வாடகை விவகாரமே அல்ல. குடும்ப நீதிமன்றம்தான் பேச வேண்டும். அங்கே ஒரு வழக்கு முடிவதற்குள் பிறக்கப்போகிற பிள்ளை கல்லூரிக்குப் போய்விடும். கீழே ஆதாரமாக என் கையெழுத்திட்ட படிவத்தின் எண்.

"அவங்க என்ன சொன்னாங்க?"

"மாமாகிட்டப் போய்க் கத்தினாக. மாமா சொல்லிட்டாக, 'மச்சான் பொண்ணுமா அது. வயித்துப் பிள்ளைக்காரிய எப்படி வெளிய அனுப்புறது'ன்னு. ஆளு விறைப்பா நின்னுதான் சொன்னாக. நிஜமாவே அத்தையக் கட்டின மாதிரி." அவள் சிரித்தாள். "பிள்ளைக்கு அத்தை பேரு வைக்கணுமாம். உத்தரவு போட்டிருக்காக."

நான் பையிலிருந்து ஆய்வகத் தாளை எடுத்தேன். அன்று காலைதான் வந்திருந்தது. வழக்கமாக நான் படிப்பதில்லை. இந்த வீட்டின் பெயரைப் பார்த்ததும் படித்துவிட்டேன்.

"அந்த உறையில நாப்பத்தி ரெண்டு பூச்சி இருந்துச்சு," என்றேன். "நாப்பத்தி ஒண்ணு சின்னது. இந்த வீட்டுலயே பொறிச்சு, உங்க மாமாவை முதல்ல கடிச்சது. ஒண்ணு மட்டும் கிழடு. அதோட அஞ்சு வளையத்துலயும் மனுஷ ரத்தமே இல்ல. நாட்டுக்கோழி."

உள்ளே குறட்டை சீராக வந்துகொண்டிருந்தது.

"கொளத்தூர்ல யாரும் கோழி வளர்க்கலை. இசக்கி வேலைக்குக் கிளம்பும்போது கீழ பாத்தேன். பேச்சுவாக்குல கேட்டேன். சித்திரையில நீங்க மட்டும் ஊருக்குப் போய் வந்தீங்களாம். வந்த அன்னிக்கிலேருந்து ஒரு மாசம், கட்டில்ல படுத்தா முதுகு வலிக்குதுன்னு ரெண்டு பேருக்கும் ஹால்ல பாய் விரிச்சீங்களாம். அப்போ அந்தக் கட்டில்ல படுத்தது ஒருத்தர்தான்."

"எங்க அம்மா கோழிக்கூட்டுக்குப் பக்கத்துலதான் என் பையை வச்சிருந்தேன்," என்றாள்.

"தானா ஏறிடுச்சா?"

தானாக ஏறியது என்று அவள் சொல்லியிருந்தால் நான் எழுதிக்கொண்டிருப்பேன். அவள் வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு சன்னலைப் பார்த்தாள். நாலு வீடு மாறியவள். நாற்பது நாள் தள்ளிப்போன அன்றே, பிள்ளை எந்த வீட்டில் தவழும் என்று உட்கார்ந்து யோசித்தவள். பத்திரங்களைத் தட்டச்சு செய்கிற வேலையில் இருப்பவள் விதிப் புத்தகத்தில் பதினேழாவது விதிவரை போகாமல் இருப்பாளா. நான் ஒன்பது வருடமாக இந்தச் சட்டத்தோடு குடித்தனம் நடத்துகிறேன். அதற்கு இப்படி ஒரு கொல்லைவாசல் இருப்பது எனக்குத் தெரியவில்லை.

படிவத்தில், பூச்சி வந்த வழி என்று ஒரு கட்டம் உண்டு. குடியிருப்பவர், சொந்தக்காரர், உறவினர் என்று மூன்றே வாய்ப்பு. ஏற்கனவே உறவினரில் புள்ளி வைத்திருந்தேன். ஆய்வகத் தாளை நாலு முனையும் ஒட்ட மடித்துப் பைக்குள் வைத்தேன். அவள் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினேன்.

பேனாவை வாங்கிக்கொண்டு, உள்ளறைக் கதவை ஒருமுறை பார்த்துவிட்டுக் குனிந்து சொன்னாள்.

"தீப்பெட்டியில ஒண்ணே ஒண்ணுதான்க்கா கொண்டாந்தேன். அதுவும் மாசமா இருக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்?"